கடலையில் வேரழுகல்: பிளானோபிக்ஸ் எங்கே உதவும், எங்கே உதவாது

வேர் செத்த செடிக்கு ஊக்கி அடிப்பது வீண். மார்கழிப் பட்டத்து இறவைக் கடலையில் ஒரே வயலை நான்கு துண்டாக்கி, ஒன்றில் விதை நேர்த்தி மட்டும், ஒன்றில் பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி மட்டும், ஒன்றில் இரண்டும், ஒன்றில் எதுவும் இல்லாமல் விட்டுப் பார்த்ததில் முதலில் தெளிவானது இதுதான். ஊக்கி மட்டும் பெற்ற துண்டில் செடி சாவது குறையவில்லை. ஒன்றும் செய்யாத துண்டில் விழுந்த அளவுக்கு இங்கேயும் சொட்டை விழுந்தது. விதை நேர்த்தியும் ஊக்கியும் சேர்ந்த துண்டில் பயிர் எண்ணிக்கையும் நின்றது, செடிக்குச் செடி காயும் கூடியது. ஆக, ஊக்கி நோய்க்கு மருந்து இல்லை. நோயிலிருந்து தப்பிய செடியில் பூவையும், அதிலிருந்து மண்ணில் இறங்கிக் காயாகும் விழுதையும் பிடித்து நிறுத்துவதுதான் அதன் வேலை. அதை எந்த நாளில், எந்த அளவில், எதோடு சேர்த்துக் கொடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

வயல் மணல் கலந்த செம்மண். தொடர்ந்து கடலையே போட்ட நிலம் என்பதால் நோய்க்குப் பஞ்சமில்லை. துண்டு பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாய்க்கால் தலைப்பில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு என்று பிரித்தால் கணக்கே கெட்டுவிடும். தலைப்பில் ஈரம் அதிகம், கடைமடையில் காய்ச்சல் அதிகம், இரண்டிலும் வெவ்வேறு நோய் வரும். அதனால் ஒவ்வொரு துண்டும் தலைப்பிலிருந்து கடைசிவரை நீளவாக்கில் ஓடும்படி பிரித்தோம். விதை எல்லாத் துண்டுக்கும் ஒரே மூட்டை.

எண்ணுவதற்கு அரை அங்குல பிவிசி பைப்பில் ஒரு மீட்டர் துண்டு நான்கு, எல்போ நான்கு. அவ்வளவுதான் சட்டம். 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் விதைத்தால் அந்தச் சதுரத்துக்குள் 33 செடி இருக்க வேண்டும். துண்டுக்கு ஐந்து இடத்தில் சட்டத்தை வைத்து, மூலைகளில் குச்சி அடித்துவிட்டால் அறுவடை வரை அதே இடத்தை எண்ணலாம். குத்துமதிப்பாகப் பார்த்து "பரவாயில்லை, தேறிடுச்சு" என்று சொல்வதற்கும் இந்த எண்ணிக்கைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

விதையில் தொடங்குவோம். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு. பருமனான ரகமானால் 15 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். தோல் கிழிந்த பருப்பு, முனை உடைந்த பருப்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கழுத்தழுகல் பூசணம் உள்ளே நுழைய அந்தக் கிழிசலே போதும். மெஷினில் உடைத்த பருப்பில் கிழிசல் கூடுதல், கையில் உடைத்ததில் குறைவு. உடைத்த பருப்பை வாரக்கணக்கில் மூட்டையில் போட்டு வைப்பதும் கெடுதல். விதைப்புக்கு முந்தைய நாட்களில் உடைப்பதே நல்லது.

நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம், அதாவது 50 கிலோவுக்கு 200 கிராம். இல்லையென்றால் சூடோமோனாஸ் கிலோவுக்கு 10 கிராம், மொத்தம் அரைக் கிலோ. பூசணக்கொல்லியில் போக நினைத்தால் கார்பென்டாசிம் 2 கிராம் அல்லது திரம் 4 கிராம். இதில் கலவை செய்யும்போது ஒரு விதி இருக்கிறது. கார்பென்டாசிமும் டிரைக்கோடெர்மாவும் ஒரே விதையில் சேரக்கூடாது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தானே, மருந்து அதையும் கொன்றுவிடும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் கார்பென்டாசிமோடு ஒத்துப்போகும். பூசணக்கொல்லி போட்டால் 24 மணி நேரம் விட்டு, விதைக்கப் போகும்போது ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களைக் கலந்து பூசி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். கஞ்சி அதிகமானால் பருப்புத் தோல் ஊறி உரிந்துவிடும். சாக்கின் மேல் பரப்பி, இரண்டு பேர் சாக்கின் முனைகளைப் பிடித்து உருட்டினால் தோல் கிழியாது. கையால் பிசையவே கூடாது.

டிரைக்கோடெர்மா பாக்கெட் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். தரக்கணக்குப்படி கிராமுக்கு 20 லட்சம் வித்துகள் இருக்க வேண்டும். வெயில் அடிக்கும் கடை வாசலில் மாதக்கணக்காகத் தொங்கிய பாக்கெட்டில் அது இருக்காது. சோதிக்க வழி எளிது: ஒரு சிட்டிகையை ஈரமான தொழு உரத்தில் தூவி மூடி வைத்தால் ஒரு வாரத்தில் பச்சைப் பொடி பூக்க வேண்டும். பூக்காததை விதைக்குப் போடாதீர்கள்.

மண்ணுக்குத் தனியாக ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா. அதை மட்கிய தொழு உரம் 100 கிலோவில் கலந்து, தண்ணீர் தெளித்து, மரநிழலில் கோணி போட்டு மூடி இரண்டு வாரம் வைத்து, நடுவில் ஒருமுறை புரட்டிவிட்டு, கடைசி உழவில் தூவ வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், விரலிடுக்கில் நீர் வழியாது என்ற அளவு ஈரம் போதும். மட்காத சாணத்தில் கலந்தால் சூட்டில் பூசணம் செத்துப்போகும், வெள்ளைப்புழு வேறு வந்து சேரும்.

முளைத்த பிறகு சாகிற செடியைப் பிடுங்கிப் பார்த்து நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காணாமல் எந்த மருந்தையும் தொடக்கூடாது. மூன்று நோய், மூன்று பூசணம். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது.

முதல் மாதத்துக்குள் இளஞ்செடி வதங்கினால் அது பெரும்பாலும் கழுத்தழுகல். மண்மட்டத்தில் தண்டு கரும்பழுப்பாக நைந்திருக்கும். அந்த இடத்தை விரலால் தேய்த்தால் அடுப்புக்கரி தொட்டது போலக் கறுப்புப் பொடி ஒட்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் இது, வெங்காயத் தோலுக்கடியில் பார்க்கிற அதே கறுப்பு.

வேரழுகல் மாக்ரோபோமினாவால் வருவது. தண்டு அடியில் முதலில் செம்பழுப்புப் புள்ளி, பிறகு சாம்பல் நிறம், கடைசியில் ஆணிவேர்ப் பட்டை நார் நாராகக் கழன்று வரும். செடியை இழுத்தால் பாதி வேர் மண்ணிலேயே தங்கிவிடும். பட்டையைப் பிளேடால் கீறி உரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்பக்கம் மிளகுத்தூள் தூவியது மாதிரி நுண்ணிய கறுப்பு இழைமுடிச்சுகள் தெரியும். மண் காய்ந்து செடி தவித்தபோதுதான் இது தலைதூக்கும்.

மூன்றாவது தண்டழுகல், ஸ்கிலிரோஷியம். விழுது இறங்கிய பிறகு வரும். ஒரு செடியில் ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாகி வதங்கும். கொடியை விலக்கிப் பார்த்தால் தண்டடியிலும் மண்மேலும் வெள்ளை நூலாம்படை, அதில் கடுகு கடுகாக உருண்டைகள். முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு. சந்தேகமாக இருந்தால் தண்டின் அடிப்பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி, கழுவி, ஈரக் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி இரண்டு மூன்று நாள் வைத்தால் போதும். விசிறி போல வெள்ளை இழை விரிந்தால் ஸ்கிலிரோஷியம், கறுப்புத் தலைகள் எழுந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு உண்டு. சுண்ணாம்பு மண்ணில் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு அன்னபேதி உப்பு 1 சதவீதக் கரைசல் தெளிக்க வேண்டும். வேரில் எந்தக் கோளாறும் இருக்காது. ஆணிவேர் கடித்துத் துண்டித்தது போலச் சுத்தமாக அறுந்திருந்தால் வெள்ளைப்புழு. அந்த இடத்தில் அரை அடி தோண்டினால் ஆள் கையில் சிக்குவார்.

கழுத்தழுகலோ வேரழுகலோ திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்துச் செடியடியில் ஊற்ற வேண்டும். செத்த செடிக்கு அல்ல, அதைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் நிற்கும் பச்சைச் செடிகளுக்கு. தெளிப்பானின் முனையைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராகச் செடியடியில் பிடித்தால் வேலை வேகமாக நடக்கும், மருந்தும் இலையில் தங்காது. செத்ததை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். வரப்பில் வீசினால் அடுத்த தண்ணீரில் உள்ளே வந்துவிடும். தண்டழுகலுக்கு கார்பென்டாசிம் சரிவரக் கேட்காது. டெபுகோனசோல் வகைதான் கேட்கும். கடலைக்கு லேபிளில் போட்டிருக்கும் அளவில், கொடியை விலக்கி அடித்தண்டில் படும்படி தெளிக்க வேண்டும். மேலாக அடித்தால் இலைப்புள்ளிக்குத்தான் உதவும்.

இனி ஊக்கி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கடலைக்குச் சொல்லும் பழைய கரைசல் ஒன்று இருக்கிறது: ஹெக்டேருக்கு டிஏபி 2.5 கிலோ, அம்மோனியம் சல்பேட் 1 கிலோ, போராக்ஸ் அரைக் கிலோ. மூன்றையும் 37 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டினால் 32 லிட்டர் தெளிவு கிடைக்கும். அதில் 468 லிட்டர் தண்ணீர் சேர்த்து 500 லிட்டராக்கி, பிளானோபிக்ஸ் 350 மில்லி கலந்து, விதைத்த 25-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். பிளானோபிக்ஸ் என்பது நாப்தலீன் அசிட்டிக் அமிலம் 4.5 சதவீதம். கணக்குப் போட்டால் தெளிக்கும் கரைசலில் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வரும்.

ஏக்கருக்குச் சுருக்கினால் டிஏபி 1 கிலோ, அம்மோனியம் சல்பேட் 400 கிராம், போராக்ஸ் 200 கிராம், ஊறவைக்கத் தண்ணீர் 15 லிட்டர். பிளாஸ்டிக் டிரம்மில்தான் ஊறவைக்க வேண்டும். டிஏபி முழுக்கக் கரையாது, அடியில் சாம்பல் வண்டல் நிற்கும். அதைக் கலக்காமல் மேல் தெளிவை வேட்டித் துணி இரண்டு மடிப்பில் வடிகட்டினால் சுமார் 13 லிட்டர் வரும். 16 லிட்டர் பேட்டரி தெளிப்பானில் டேங்குக்கு ஒரு லிட்டர் தெளிவும் 11 மில்லி பிளானோபிக்ஸும். ஏக்கருக்கு பன்னிரண்டரை டேங்க், பிளானோபிக்ஸ் மொத்தம் 140 மில்லி. அளக்க மருந்து பாட்டில் மூடி வேண்டாம். மருந்துக் கடையில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிக் கணக்கில் போகும்போதுதான் இரட்டிப்பு ஆகிறது. அளவு மீறினால் இலைக்காம்பு கீழே முறுக்கிக்கொண்டு தொங்கும், காக்க வந்த பூவே கொட்டும். "இன்னும் கொஞ்சம் சேர்த்தா இன்னும் நல்லா பிடிக்கும்" என்ற பேச்சு இந்த மருந்தில் எடுபடாது.

டேங்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு உப்புத் தெளிவு, கடைசியில் ஊக்கி, மேலே மீதித் தண்ணீர். மாலை நாலு மணிக்கு மேல், மண்ணில் ஈரம் இருக்கும்போது. வதங்கி நிற்கும் வயலில் தெளித்தால் இலை நுனி கருகுவதுதான் மிச்சம். முந்தைய நாள் தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் மாலை தெளிப்பது சரியாக வந்தது.

இதற்குப் பதில் பல்கலைக்கழகத்தின் நிலக்கடலை ரிச் வாங்கினால் ஏக்கருக்கு 2 கிலோவை 200 லிட்டரில் கரைத்து, பூ நிறைந்த பருவத்தில் ஒருமுறை, காய் திரளும்போது ஒருமுறை. அதிலேயே ஊட்டச்சத்தோடு ஊக்கியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அதோடு பிளானோபிக்ஸைத் தனியாகக் கலக்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

சாலிசிலிக் அமிலத்தைப் பற்றியும் கேள்வி வருகிறது. செடியின் நோய் எதிர்ப்பைத் தூண்டும் சமிக்ஞைப் பொருள் அது என்பது உண்மை. பயறு வகைகளுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் பூக்கும் முன் தெளிக்கச் சொல்கிறார்கள். அந்த அளவில் ஒரு ஓரத்தில் அடித்துப் பார்த்ததில் வேரழுகல் திட்டு பரவுவது கண்ணுக்குத் தெரியும்படி நிற்கவில்லை. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: குளிர்ந்த தண்ணீரில் தூளாகப் போட்டால் மேலே மிதந்து முனையை அடைக்கும். 200 லிட்டருக்கு வேண்டிய 20 கிராமை முதலில் சுடுதண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டுப் பிறகு ஊற்ற வேண்டும்.

பாட்டிலில் விற்கும் ஊக்கிகளைவிட வேர்ப்பக்கம் உருப்படியாக வேலை செய்தது 30-ஆம் நாள் மண்ணில் போட்ட சூடோமோனாஸ். ஏக்கருக்கு 1 கிலோ, 20 கிலோ தொழு உரத்திலோ மணலிலோ கலந்து, செடி வரிசையை ஒட்டித் தூவித் தண்ணீர் விட வேண்டும். இந்தப் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, பூசணத்துக்கு இரும்பு கிடைக்காமல் பிடித்துக்கொள்கிறது. கூடவே ஆக்சின் ஹார்மோனையும் சுரக்கிறது. ஊக்கி வேரடியிலேயே உற்பத்தியாகும்போது தெளிப்பான் தூக்குகிற வேலை மிச்சம். அறுவடையில் பிடுங்கிப் பார்த்தபோது பக்கவேர் அடர்த்தியில் சூடோமோனாஸ் போட்ட இடம் தனியாகத் தெரிந்தது.

40 முதல் 45 நாளில் ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ தூவி, களை வெட்டி, மண் அணைக்க வேண்டும். தண்டழுகலுக்கு வாசல் திறப்பது இந்த வேலைதான். ஆள் வேகத்தில் மண்ணை அள்ளிச் செடி நடுவில் போட்டுவிடுவார்கள். கீழ்க்கிளையும் இலையும் மண்ணுக்குள் புதையும், அவை அழுகும். ஸ்கிலிரோஷியத்துக்கு முதல் தீனி அந்த அழுகல்தான். அதைத் தின்று பலம் பிடித்த பிறகே உயிருள்ள தண்டுக்குள் நுழைகிறது. மண் விழுதுக்குப் பக்கவாட்டில் அணைய வேண்டும், கிளைக்கவட்டில் விழக்கூடாது. அதைச் சொல்லி வேலை வாங்க ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது. 45 நாளுக்குப் பிறகு கொத்து வயலுக்குள் போகக்கூடாது, விழுது அறுந்துவிடும்.

அடுத்து, வளர்ச்சியை அடக்கும் ஊக்கி. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் கொடி நெட்டை எடுத்து வரிசைக்கு வரிசை மூடிக்கொள்ளும். உள்ளே வெயில் இறங்காது, மண்மேல் ஈரம் காயாது, வெள்ளை இழைக்கு அது சொர்க்கம். இந்த நிலையில் பேக்லோபியூட்ரசால் போன்றவற்றால் செடியைக் குட்டையாக்கினால் உள்ளே காற்றோட்டம் வரும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேர் நோயை ஊக்கி தொடுகிற ஒரே வழி என்று இதைத்தான் சொல்லலாம். ஆனால் "இது பூசணத்தையும் கொல்லும்" என்று கடையில் சொல்வதை நம்பி, செத்துக்கொண்டிருக்கும் திட்டில் ஊற்றுவது வேறு கதை. டெபுகோனசோலும் பேக்லோபியூட்ரசாலும் ஒரே டிரையசோல் குடும்பம்தான். அதற்காக ஒன்றின் வேலையை மற்றது செய்துவிடாது. பேக்லோபியூட்ரசால் செடியை நீளச் செய்யும் ஜிப்ரெல்லின் ஹார்மோன் உற்பத்தியைத் தடுத்து, நோயில் தவிக்கும் செடியை இன்னும் கட்டிப்போட்டுவிடும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் அடுத்து வரும் பயிரையும் குட்டையாக்கும். டெபுகோனசோலுக்கே லேசாகக் குட்டையாக்கும் குணம் உண்டு, ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் செடி அப்படியே நின்றுவிடும். நோய் தெரிந்த வயலில் தழைச்சத்து மேலுரத்தை நிறுத்தி, தண்ணீர் இடைவெளியைக் கூட்டியதே கொடி அடங்கப் போதுமாக இருந்தது. நெட்டை எடுத்த வயலில் ஜிப்ரெல்லிக் அமிலம் கலந்த டானிக் எதையும் உள்ளே விடாதீர்கள்.

தண்ணீரில் இரண்டு பக்கமும் பள்ளம். காயவிட்டால் வேரழுகல், தேக்கினால் தண்டழுகல். விதைப்புத் தண்ணீர், நாலைந்து நாளில் உயிர்த்தண்ணீர், பிறகு 20 நாள் வாக்கில் ஒன்று, அதற்குமேல் பூ, விழுது, காய் என்று பருவம் பார்த்து. பூக்கும் நேரத்தில் வயலைக் காயப்போட்டால் ஊக்கித் தெளிப்பு இரண்டும் வீணாகும். ஒருபுறம் பூ நிற்காது, மறுபுறம் மாக்ரோபோமினா எழும்பும்.

பறிக்கிற நேரத்தில் சட்டத்துக்குள் இருந்த செடிகளைத் தனியாகப் பிடுங்கி, முற்றிய காய், பொக்கு, அழுகிய காய் என்று பிரித்து எண்ணினோம். ஊக்கி பெற்ற துண்டில் பொக்கு குறைந்து முற்றிய காய் கூடியிருந்தது, ஆனால் செடி இருந்த இடத்தில் மட்டும். சொட்டை விழுந்த இடத்தைப் பக்கத்துச் செடி ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். குத்துக்கடலை கொடிக்கடலை மாதிரி படர்ந்து இடத்தைப் பிடிக்காது.

செலவில் மருந்து சிறிய பங்குதான். விதை நேர்த்திக்கு 200 கிராம், மண்ணுக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா, 1 கிலோ சூடோமோனாஸ், இரண்டு தெளிப்புக்கு 280 மில்லி பிளானோபிக்ஸ், டிஏபி 2 கிலோ, அம்மோனியம் சல்பேட் 800 கிராம், போராக்ஸ் 400 கிராம். இதெல்லாம் சேர்ந்தாலும் களை வெட்டி மண் அணைக்கிற ஒருநாள் கூலியோடு ஒப்பிட்டால் கையைக் கடிக்காது. பணம் தின்றது திட்டுத்திட்டாக மருந்து ஊற்றும் வேலை. தண்ணீர் சுமப்பதும் கொடி விலக்குவதும் ஆள்கூலியாகவே போய்விடுகின்றன. கையில் உள்ள காசு ஒரு வேலைக்குத்தான் வரும் என்றால் விதை நேர்த்திக்கு, இரண்டாவதாக 30-ஆம் நாள் சூடோமோனாஸ், ஊக்கி மூன்றாவது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. கோடையில் சட்டிக் கலப்பை போட்டு ஆழ உழுது, ஸ்கிலிரோஷியம் கடுகு உருண்டைகளை அடியில் தள்ள வேண்டும். மேல்மண்ணில் காற்று கிடைக்கிற இடத்தில்தான் அவை முளைக்கும். கடலைக்குப் பின் கடலை என்று ஓட்டாமல் நடுவில் கம்போ சோளமோ போட வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி போட்டால் பயிர் மாற்றிய கணக்கில் வராது, அவற்றிலும் இதே பூசணம் உண்டு. இலைப்புள்ளி நோயை 35 நாளிலிருந்தே கவனித்து அடக்க வேண்டும், உதிர்ந்த இலைக் குவியல்தான் தண்டழுகலின் கொட்டில். ஊக்கி இரண்டாம் தெளிப்பை நாள் கணக்கில் அல்லாமல், முதல் தெளிப்புக்குப் பிறகு சட்டத்துக்குள் புதிதாகச் செத்த செடி எத்தனை என்று எண்ணிவிட்டு முடிவு செய்வது நல்லது. சாவு தொடர்ந்தால் அந்தத் தெளிப்பின் கூலியை அடித்தண்டு மருந்துக்குத் திருப்ப வேண்டும். நோய்த் திட்டில் பிடுங்கிய கொடியை மாட்டுக்குப் போட்டு அந்தச் சாணத்தை மட்காமல் அதே வயலில் கொட்டுவதையும் நிறுத்த வேண்டும். அந்தத் திட்டுகளில் அடித்த மூலைக்குச்சிகளை மட்டும் பிடுங்காமல் வரப்பிலிருந்து அடி அளந்து குறித்து வைத்தால், அடுத்த பட்டத்தில் டிரைக்கோடெர்மா கலந்த உரத்தை அங்கே இரட்டிப்பாகப் போடலாம்.